கைக்கும் டைக்கும் நடுவே

கட்டைவிரல் முழுதாகப் போனால் 30 விழுக்காடு. ஆள்காட்டி விரல் 14. நடுவிரல் 12. மோதிர விரல், சுண்டுவிரல் ஒவ்வொன்றுக்கும் 7. எலும்பு தப்பி நுனிச்சதை மட்டும் போயிருந்தால் ஆள்காட்டி விரலுக்கு 5, சுண்டுவிரலுக்கு 2. ஒரு கையின் நான்கு விரலும் சேர்ந்து போனால் 50. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தோடு இணைந்த அட்டவணை இப்படித்தான் வகுத்தது. இ.எஸ்.ஐ. சட்டமும் இதே கணக்கைத்தான் எடுத்துக்கொண்டது. சம்பாதிக்கும் திறனில் ஒருவர் எவ்வளவு இழந்தார் என்பதற்கான அளவு இது. நாளுக்கு 500 ரூபாய் வாங்குகிற பிரஸ் ஆபரேட்டர் ஒருவரின் ஆள்காட்டி விரல் முழுதாகப் போயிற்று என்று வையுங்கள். அந்த 500இல் 90 விழுக்காடு, அதாவது 450 ரூபாயை இ.எஸ்.ஐ. கணக்குக்கு எடுத்துக்கொள்ளும். அதில் 14 விழுக்காடு 63 ரூபாய். நாளொன்றுக்கு 63 ரூபாய் வீதம், உயிர் உள்ளவரை, மாதாமாதம் வங்கிக் கணக்கில் வந்து விழும்.

இதைக் குரூரம் என்று சொல்லிவிட்டு நகர்வது சுலபம். ஆனால் அட்டவணை எட்டும் இடத்தில்தான் விரலுக்குக் கணக்காவது உண்டு. அது எட்டாத ஷெட்டில் ஆஸ்பத்திரிச் செலவும் இரண்டு மாதச் சம்பளமும் கையில் கொடுத்து ஆளை ஊருக்கு ரயில் ஏற்றிவிடுவதோடு கதை முடிந்துவிடும். எனக்கு உறுத்துவது வேறொன்று. போன விரலைக் கணுக்கணுவாக அளக்கக் கற்றுக்கொண்டவர்கள் நாம். விரல் இருக்கும்போதே அளக்க வேண்டிய இரண்டு அளவுகளை மட்டும் விட்டுவிட்டோம். கைக்கும், தகட்டை அடிக்கும் அச்சான டைக்கும் நடுவே உள்ள தூரம் ஒன்று. இயந்திரம் நிற்க எடுத்துக்கொள்ளும் நேரம் இன்னொன்று. பிரஸ்களுக்கு சேஃப்டி சென்சார் பொருத்திக் கொடுக்கும் தொழிலில் இருப்பதால் எனக்குப் பிழைப்பே இந்த இரண்டு எண்கள்தான். ஓசூரில் ஒரு ஷெட்டுக்குள் நுழைந்து இவற்றைக் கேட்டால், ஏதோ ஜாதகம் கேட்டதுபோல் பார்க்கிறார்கள்.

ஓசூர் இயந்திரங்களின் ஊரானது மாநில எல்லையில் இருந்ததால்தான். பெங்களூரு 40 கிலோமீட்டர். நிலமும் சலுகையும் தமிழ்நாட்டுடையவை, சந்தையும் தொழில்நுட்பமும் அந்தப் பக்கத்தவை. அரசு நிறுவனமான சிப்காட் இங்கே மனைகளைப் பிரித்துக் கொடுத்தபின், 1980ஐ ஒட்டி அசோக் லேலண்ட் வந்தது, டி.வி.எஸ். மொபெட் வந்தது, சில ஆண்டுகள் கழித்து டைட்டன் வந்தது. டி.வி.எஸ். மோட்டார் 2002இல் ஜப்பானின் டெமிங் பரிசு வாங்கியபோது ஊரே பேசிக்கொண்டது. ஆனால் ஒரு லாரியோ மோட்டார் சைக்கிளோ அந்தப் பெரிய மதில்களுக்குள் மட்டும் உருவாவதில்லை. அதன் பிராக்கெட்டுகள், கிளிப்புகள், வாஷர்கள், சைலன்சர் தகடுகள் எல்லாம் மூக்கண்டப்பள்ளியிலும் பேகேப்பள்ளியிலும் சின்ன எலசகிரியிலும் ஜூஜூவாடியிலும் ரோலிங் ஷட்டர் போட்ட ஷெட்களில் அடிபடுகின்றன. அங்கே தயாரிக்கிறார்கள் என்று யாரும் சொல்வதில்லை. "அடிக்கிறாங்க" என்பதுதான் பேச்சு. நாளைக்கு எத்தனை அடிப்பீங்க, எத்தனை டன் பிரஸ்ஸில் அடிப்பீங்க.

பவர் பிரஸ்ஸை நேரில் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். 'சி' எழுத்துபோல் வாய் திறந்த வார்ப்பிரும்புச் சட்டம். தலைமேல் ஓயாமல் சுழலும் ஃப்ளைவீல். வாய்க்குள் மேலே பஞ்ச், கீழே டை. ஆபரேட்டர் இடது கையால் தகட்டை டைமேல் வைக்கிறார், பெடலை மிதிக்கிறார், பஞ்ச்சைத் தாங்கிய ரேம் இறங்கி ஏறுகிறது, வலது கையால் பீஸை எடுத்துத் தொட்டியில் போடுகிறார். நிமிடத்துக்கு 50 ஸ்ட்ரோக் ஓடும் பிரஸ் என்றால் ஓர் இறக்கமும் ஏற்றமும் சேர்ந்து 1.2 நொடி. காலுக்கு ஒரு தாளம், கைக்கு ஒரு தாளம். இரண்டும் நாள் முழுக்க ஒத்துப்போக வேண்டும். ஓவர்டைமின் கடைசி ஒரு மணி நேரத்தில், தகடு சற்றுக் கோணலாக விழுந்ததைக் கை தானாகத் திருத்தப் போகும், கால் அதற்குள் மிதித்திருக்கும். பிளேடு வெட்டிய விரலையாவது தைக்கலாம். பிரஸ் நசுக்கியதைத் தைப்பது அரிது.

இங்கேதான் சென்சார் வருகிறது. ஷெட்டில் இதன் பெயர் 'கர்ட்டன்'. பிரஸ்ஸின் வாய்க்கு இருபுறமும் மஞ்சள் நிறத்தில் இரண்டு கம்பங்கள். ஒன்று கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களை வரிசையாக அனுப்பும், மற்றது வாங்கும். நடுவே எது நுழைந்தாலும் பிரஸ் நிற்க வேண்டும். ஜெர்மனியின் எர்வின் சிக் 1952இல் ஹனோவர் இயந்திரக் கண்காட்சியில் இப்படியொரு ஒளித்திரையைக் கொண்டுவந்து வைத்தார். அடிப்படை இன்றும் அதேதான். மாறியது என்னவென்றால் கருவி தன்னையே நம்பாமல் இருக்கக் கற்றுக்கொண்டது. நல்ல கர்ட்டனுக்கு வெளியீடு ஒன்றல்ல, இரண்டு. ஒன்று பழுதாகிப் பொய் சொன்னால் மற்றது காட்டிக்கொடுக்கும். அது போதாதென்று, மில்லிசெகண்ட் அளவில் தன் வெளியீட்டைத் தானே துண்டித்துப் பார்த்து, இன்னும் என்னால் நிறுத்த முடிகிறதா என்று சோதித்துக்கொண்டே இருக்கும். சந்தேகம் வந்தால் நிறுத்திவிடும். கம்பி அறுந்தாலும் நிற்கும், தூசி அடைத்தாலும் நிற்கும். ஆயுத பூஜை முடிந்து மறுநாள் காலை "சார், மிஷின் ஸ்டார்ட்டே ஆகல" என்று போன் வந்தால், நான் டூல் பையைத் திறப்பதற்கு முன் ஈரத்துணி எடுத்துப் போகச் சொல்வேன். வாங்கும் கம்பத்தின் கண்ணாடியில் மூன்று விரல் பட்டையாகச் சந்தனம், நடுவில் குங்குமம். பக்தியோடு இயந்திரத்தின் கண்ணை மூடியிருப்பார்கள். கர்ட்டன் தன் வேலையைச் சரியாகச் செய்து நிறுத்தி வைத்திருக்கும்.

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும் சாதாரண போட்டோ சென்சார் ஒன்றையும் ஒரு ரிலேயையும் வாங்கி வந்து "இதுவும் கை வந்தா நிக்குது சார்" என்று காட்டுகிறவர்கள் உண்டு. நிற்கும், ஐயமில்லை. கருவி நன்றாக இருக்கும்வரை நிற்கும். ரிலேயின் காண்டாக்ட் ஒட்டிக்கொண்ட அன்றைக்கு அது எதையும் சொல்லாது. பீஸ் எண்ணுவதற்குச் செய்த சென்சாரும் விரல் காப்பதற்குச் செய்த சென்சாரும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். விலையில் பல மடங்கு வித்தியாசம். அந்த வித்தியாசம் முழுவதும் கெட்டுப்போகும் நாளுக்காகக் கொடுப்பது.

சரி, தரமான கர்ட்டனே வாங்கியாயிற்று. அதை எங்கே வைப்பது? இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஐ.எஸ்.ஓ. 13855 என்ற தரநிலை மனிதக் கை நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் உள்ளே வரும் என்று எடுத்துக்கொள்கிறது. கை திரையைத் தொட்டதிலிருந்து ரேம் அசைவற்று நிற்கும்வரை 0.2 நொடி ஆகிறது என்றால், அதற்குள் கை 400 மில்லிமீட்டர் போய்விடும். ஆகவே கர்ட்டன் டையிலிருந்து 400 மில்லிமீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். விரலைக் கண்டுபிடிக்கும் 14 மில்லிமீட்டர் நுணுக்கமுள்ள கர்ட்டனுக்கு இது போதும். உள்ளங்கையை மட்டுமே கண்டுபிடிக்கும் 30 மில்லிமீட்டர் வகை என்றால் இன்னும் 128 மில்லிமீட்டர் கூட்ட வேண்டும், விரல் தெரியாமல் எவ்வளவு உள்ளே போயிருக்கும் என்பதற்காக. ஆபரேட்டருக்கு 400 மில்லிமீட்டர் என்பது எட்டி எட்டி வேலை செய்யும் தூரம், தோள் வலிக்கும். சூப்பர்வைசர் வந்து "கொஞ்சம் பக்கத்துல தள்ளிப் போடுங்க சார்" என்பார். தள்ளிப்போட்ட இடம் 150 மில்லிமீட்டர் என்று வையுங்கள். கைக்கு அந்தத் தூரம் 0.075 நொடி. ரேம் நிற்க 0.2. கை டையில் இருக்கும்போது ரேம் இன்னும் 0.125 நொடி இறங்கிக்கொண்டிருக்கிறது. பச்சை விளக்கு எரிகிறது, சிவப்பாக மாறுகிறது, எல்லாம் முறைப்படி வேலை செய்கிறது, விரல் மட்டும் இல்லை.

இன்னொன்று, யாரும் கவனிக்காதது. பிரேக் லைனிங் தேயும். பொருத்திய நாளில் 0.2 நொடியில் நின்ற பிரஸ் சில வருடங்களில் 0.3 நொடி எடுத்துக்கொள்ளும். அப்போது 400 போதாது, கர்ட்டன் இன்னும் தள்ளிப் போயாக வேண்டும். கர்ட்டனை யாரும் நகர்த்தவில்லை, போல்ட் அப்படியே இறுகி இருக்கிறது, ஆனாலும் அது தவறான இடத்துக்கு வந்துவிட்டது.

இத்தனையும் நிற்கத் தெரிந்த பிரஸ்ஸுக்குத்தான் பொருந்தும். ஓசூரின் சிறு ஷெட்களில் ஓடும் பழைய பிரஸ்கள் பெரும்பாலும் அந்த இனம் அல்ல, ரோலிங் கீ கிளட்ச் வகை. பெடலை மிதித்தால் ஒரு சாவி உருண்டு ஃப்ளைவீலையும் கிராங்க் தண்டையும் பூட்டிவிடும். பூட்டினால் ஒரு முழுச் சுற்று முடியும்வரை அவிழாது. மெயினை அணைத்தாலும் ஃப்ளைவீல் சேர்த்து வைத்திருக்கும் வேகம் ரேமைக் கீழே கொண்டுபோய்விட்டுத்தான் ஓயும். வில்லைவிட்டுப் போன அம்புதான். சாவியின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் இன்னும் மோசம், மிதிக்காமலே இரண்டாம் தடவையும் அடிக்கும். 'டபுள் அடிச்சிருச்சு' என்பார்கள் ஷெட்டில். விரல் போனவர்களிடம் கேட்டால் இந்த டபுளைப் பற்றித்தான் முதலில் சொல்வார்கள். இத்தகைய பிரஸ்ஸுக்குக் கர்ட்டன் மாட்டினால், கை உள்ளே இருக்கும்போது ஸ்ட்ரோக் தொடங்காமல் தடுக்கலாம். தொடங்கிய ஸ்ட்ரோக்கை அது பார்த்துக்கொண்டுதான் இருக்கும்.

இதற்குத் தீர்வு இல்லாமல் இல்லை. டையைச் சுற்றி ஒரு கம்பிக்கூண்டு, தகடு மட்டும் நுழையும் இடுக்கு. இடுக்கு 6 மில்லிமீட்டருக்குள் என்றால் விரல் நுனியைத் தாண்டி உள்ளே போக வழியில்லை. மின்சாரம் வேண்டாம், ஐ.எஸ்.ஓ. கணக்கு வேண்டாம், ஒரு வெல்டரும் அரை நாளும் போதும். கூண்டு போட முடியாத வேலைக்கு காந்த இடுக்கி. அல்லது செலவு செய்து நியூமேட்டிக் கிளட்சும் பிரேக்கும் மாற்றிவிட்டு, அதன் பிறகு கர்ட்டன். ஆனால் கூண்டு போட்டோவில் எடுப்பாக வருவதில்லை. வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து ஆடிட்டுக்கு வருகிறவரின் பட்டியலில் 'சென்சார் உண்டா' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் விழ வேண்டும் என்பதற்காகக் கீ கிளட்ச் பிரஸ்ஸில் கர்ட்டனை மாட்டி விளக்கெரிய விட்டிருக்கும் ஷெட்களைப் பார்க்கும்போது எனக்கு வருகிற கோபம், ஒன்றுமே மாட்டாத ஷெட்டைப் பார்த்தால்கூட வருவதில்லை. ஒன்றுமில்லாத பிரஸ்ஸிடம் ஆபரேட்டர் பயந்தாவது இருப்பார். இதில் அந்தப் பயத்தையும் பிடுங்கிவிட்டார்கள்.

பைபாஸைப் பற்றிச் சொல்லாமல் இந்தத் தொழிலைப் பற்றிப் பேசவே முடியாது. இரு கைப் பொத்தான் என்று ஒன்று உண்டு. இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும், ஆகவே கை இரண்டும் டைக்கு வெளியே இருக்கும் என்பது எண்ணம். ஒரு பொத்தானைக் குச்சி வைத்து அடைத்துவிட்டு மற்றதை மட்டும் அழுத்துவது வழக்கமானது. அதைத் தடுக்க, இரண்டும் அரை நொடிக்குள் அழுத்தப்பட வேண்டும், ஒவ்வொரு ஸ்ட்ரோக்குக்கும் இரண்டையும் விட்டுவிட்டு மறுபடி அழுத்த வேண்டும் என்று சுற்றை மாற்றினார்கள். கதவு சுவிட்ச்சை ஏமாற்ற, கதவிலிருந்த நாக்கைக் கழற்றி சுவிட்ச்சிலேயே நிரந்தரமாகச் செருகினார்கள். காந்த சுவிட்ச் வந்ததும் காந்தம் ஒட்டினார்கள். ஒவ்வொரு சுவிட்சுக்கும் தனி அடையாளக் குறி வைத்த வகை வந்ததும் பேனலுக்குள்ளேயே ஜம்பர் போட்டார்கள். நம்மவர்களுக்கு மட்டும் வாய்த்த குணம் என்று எண்ண வேண்டாம். 2006இல் ஜெர்மனியின் விபத்துக் காப்பீட்டு அமைப்புகள் விசாரித்துப் பார்த்ததில், அங்கே உலோக இயந்திரங்களின் பாதுகாப்புக் கருவிகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏதோ ஒரு வகையில் ஏமாற்றப்பட்டிருந்தன. 

ஜம்பர் வயரை ஆபரேட்டர் போடுவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பேனல் சாவி அவரிடம் இருப்பதே கிடையாது. ஜூஜூவாடிப் பக்கம் ஒரு ஷெட்டில் கர்ட்டன் பொருத்திவிட்டு வந்த சில நாளில் முதலாளி போன் செய்தார்.

"என்ன சார் இது, மிஷின் நின்னு நின்னு போகுது. காலைலருந்து நாலு வாட்டி."

"நிக்கறதுக்குத்தானே அண்ணா போட்டது."

"அது சரி. நின்னா என் பீஸுக்கு யார் பதில் சொல்றது?"

அவர் கெட்டவர் அல்ல. போய்ப் பார்த்தபோது பேனலுக்குள் சிவப்பு வயர் ஒன்று புதிதாக இருந்தது. பிரஸ்ஸில் நின்ற ஒடிசாப் பையனுக்கு அது தெரியாது. அவன் கம்பங்களைப் பார்த்து நம்பிக்கையோடு கை நீட்டிக்கொண்டிருந்தான். கர்ட்டனோடு பெட்டியில் ஒரு கறுப்புக் கோல் வரும். 14 மில்லிமீட்டர் பருமன், விரலுக்குப் பதிலாக அதைத் திரைக்குள் விட்டு ஒவ்வொரு ஷிஃப்ட் தொடக்கத்திலும் இயந்திரம் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். நான் அதை எடுத்து அவன் கையில் கொடுத்து, திரைக்குள் விட்டுப் பார்க்கச் சொன்னேன். விட்டான். பிரஸ் நிற்கவில்லை. அவன் கோலைப் பார்த்தான், பிரஸ்ஸைப் பார்த்தான், பிறகு முதலாளியின் கண்ணாடி அறையைப் பார்த்தான். அந்தக் கோல் எந்த ஷெட்டிலும் பெரும்பாலும் முதலாளி மேசையின் இழுப்பறையில், உத்தரவாத அட்டையோடு பத்திரமாகக் கிடக்கும். அது ஆபரேட்டரின் கழுத்தில் தொங்க வேண்டிய பொருள் என்பது என் கட்சி.

சட்டத்தில் என்ன இல்லை? 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், பிரிவு 21, இயந்திரத்தின் ஆபத்தான ஒவ்வொரு பாகத்துக்கும் உறுதியான தடுப்பு வேண்டும், ஓடும்போது அது இடத்தில் இருக்க வேண்டும் என்றது. பிரிவு 22 இன்னும் சுவையானது. ஓடும் இயந்திரத்தை நெருங்கிப் பார்க்க வேண்டியவர் உடலோடு ஒட்டிய உடை அணிந்திருக்க வேண்டும், அந்த உடையை முதலாளிதான் தர வேண்டும் என்றது அது. கூரையில் சுழலும் தண்டும் பெல்ட்டும் வேட்டி நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்ட காலத்து வாசனை அதில் இருக்கிறது. பாதுகாப்பு விதிகளை மீறினால் முதலாளிக்கு இரண்டு ஆண்டுவரை சிறை, ஒரு லட்சம்வரை அபராதம் என்று அதில் இருந்தது. பிரிவு 111இன்படி பாதுகாப்புக் கருவியில் வேண்டுமென்றே கைவைக்கும் தொழிலாளியும் குற்றவாளியாக இருந்தார், அபராதம் 500 ரூபாய்வரை. 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றி, 2025இல் அதற்குப் பதிலாக நடைமுறைக்கு வந்த புதிய பாதுகாப்புச் சட்டத்தொகுப்பும் இந்த வழியில்தான் போகிறது. நடைமுறையில் விபத்துப் பதிவேட்டில் காரணம் என்ற இடத்தில் விழும் வார்த்தை ஒன்றுதான்: கவனக்குறைவு.

இந்த வார்த்தைக்கு ஒரு பரம்பரை இருக்கிறது. 1931இல் ஹெர்பர்ட் ஹைன்ரிச் என்ற அமெரிக்கர், இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தவர், விபத்துகளில் 88 விழுக்காட்டுக்குத் தொழிலாளியின் பாதுகாப்பற்ற செயலே காரணம் என்று புத்தகம் எழுதினார். உலகமெங்கும் சேஃப்டி வகுப்புகளில் இந்த எண் இன்றும் ஓடுகிறது. அவர் படித்த கோப்புகள் இன்ஷூரன்ஸ் கோரிக்கைகளும் ஆலைகளின் பதிவேடுகளும். அவற்றைப் பெரும்பாலும் எழுதியவர்கள் முதலாளிகளும் மேற்பார்வையாளர்களும். பதிவேட்டில் போட்டதையே திரும்ப எடுத்து ஆராய்ச்சி என்று வைத்தால் இப்படித்தான் வரும். 

அதற்கும் முன்னால், 1855இல், மான்செஸ்டர் ஆலை முதலாளிகள் சங்கம் சேர்த்தார்கள். தண்டுகளுக்கு வேலி போடச் சொல்லும் சட்டத்தை எதிர்ப்பதற்கென்றே சேர்ந்த சங்கம். சார்லஸ் டிக்கன்ஸின் வாரப் பத்திரிகை அவர்களைக் கிழித்துக்கொண்டிருந்தது. முதலாளிகளுக்காகப் பேனா பிடித்தவர் ஹாரியட் மார்ட்டினோ. அடிமை முறையை எதிர்த்து எழுதிய அதே மார்ட்டினோ. அடுத்த ஆண்டே சட்டம் தளர்த்தப்பட்டது. ஆக, இந்த வாதத்தில் நல்லவர்கள் ஒரு பக்கமும் கெட்டவர்கள் மறுபக்கமும் நிற்கவில்லை, அன்றைக்கும் சரி, சின்ன எலசகிரியில் இன்றைக்கும் சரி.

நம் ஊருக்கு வருவோம். ஒரு பிரஸ் ஷெட்டின் வருமானம் ஸ்ட்ரோக் கணக்கில் வருகிறது. இத்தனை டன் பிரஸ்ஸில் ஒரு ஸ்ட்ரோக்குக்கு இத்தனை பைசா என்பதுதான் ஜாப் ஒர்க் ரேட். தகட்டை வைத்துவிட்டுக் கையை வெளியே எடுத்து, இரண்டு பொத்தானையும் அழுத்தி, ரேம் ஏறும்வரை காத்திருந்தால் பீஸுக்கு ஒரு நொடி கூடுகிறது என்று வையுங்கள். ஷிஃப்டுக்கு 5,000 பீஸ் என்றால் 5,000 நொடி, கிட்டத்தட்ட 1 மணி 23 நிமிடம். அந்த நேரத்துக்குப் பைசா கொடுக்கிற வரி எந்த பர்ச்சேஸ் ஆர்டரிலும் இல்லை. இரும்பு விலை ஏறினால் ரேட்டைத் திருத்த வழி உண்டு, டீசல் ஏறினால் வண்டி வாடகை பேசலாம். கை வெளியே வரும் அந்த ஒரு நொடி யாருடைய கணக்கிலும் ஏறுவதில்லை. சிவப்பு வயர் பிறப்பது இந்த இடத்தில்தான். சேஃப்டி என்று நாம் விற்பது கண்ணாடிக் கம்பத்தையோ ரிலேயையோ அல்ல. நிற்க அனுமதி. அதை ஷெட் முதலாளியால் தனியாகக் கொடுக்க முடியாது, அவர் கையில் அது இருந்ததே இல்லை.

வடக்கே குர்கான், மானேசர், ஃபரிதாபாத் வட்டாரத்தில் சேஃப் இன் இந்தியா என்ற அமைப்பு விரல் இழந்த தொழிலாளர்களை இ.எஸ்.ஐ.க்கு அழைத்துப் போவதோடு நிற்காமல், 2019 முதல் ஆண்டுதோறும் அறிக்கை போடுகிறது. அங்கேயும் பவர் பிரஸ்தான் முதல் எதிரி. விபத்துக்குள்ளானவர் சராசரியாக இரண்டு விரல் இழக்கிறார். அவர்கள் சரியான கதவைத் தட்டுகிறார்கள் என்று நினைக்கிறேன். ஷெட்காரரைத் திட்டுவதை விட்டுவிட்டு, வண்டியின்மேல் தன் பெயரைப் போட்டுக்கொள்கிற கம்பெனி எத்தனை படிகள் கீழேவரை பொறுப்பு எடுத்துக்கொள்கிறது என்று கேட்கிறார்கள். அதே கம்பெனிகளின் வளாகத்துக்குள் போய்ப் பார்த்தால் ரோபோ வெல்டிங் செல்லைச் சுற்றி ஆள் உயர வேலி, கதவுக்குப் பூட்டு சுவிட்ச், தரையில் ஸ்கேனர். அங்கே இயந்திரம் நிற்பதை யாரும் அவமானமாக நினைப்பதில்லை, நின்ற நேரமும் திட்டத்தில் எழுதியே இருக்கிறது. 

என்னிடம் கேட்டால், பெரிதாக ஒன்றும் வேண்டாம். இன்று ஒரு லாட் பிராக்கெட் ஓசூர் ஷெட்டிலிருந்து கிளம்பும்போது கூடவே தகட்டின் தரச் சான்றிதழ் போகிறது. கார்பன் எவ்வளவு, மாங்கனீஸ் எவ்வளவு என்று தசமப் புள்ளி வரை எழுதியிருக்கும். அதோடு அந்த பிரஸ் நிற்கும் நேரத்தையும் ஆண்டுக்கு ஒருமுறை அளந்து ஒரு தாள் அனுப்பச் சொல்லலாம். அளக்கும் மீட்டர் இருக்கிறது, வேலையும் பெரிதல்ல. கீ கிளட்ச் பிரஸ் என்றால் அந்தத் தாளில் எழுத எண்ணே இருக்காது. அப்போது வாங்குகிறவரும் விற்கிறவரும் அதைப் பற்றிப் பேசியே ஆக வேண்டியிருக்கும், ரேட்டைப் பற்றியும்.

பேசி, ஒரு ஷெட்காரர் கடன் வாங்கி நியூமேட்டிக் பிரஸ்ஸுக்கு மாறிவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். பழைய கீ கிளட்ச் பிரஸ் எங்கே போகிறது? உலைக்குப் போவதில்லை. பச்சைப் பெயின்ட் அடித்து 'ரன்னிங் கண்டிஷன்' என்று எழுதி விற்பனைக்கு வைப்பார்கள். பெங்களூரு பீன்யாவிலிருந்து ஓசூருக்கு இப்படி வந்தவை உண்டு. ஓசூரிலிருந்து சூளகிரிப் பக்கமும் பாகலூர்ப் பக்கமும் போகிறவை உண்டு. அத்திப்பள்ளி தாண்டினால் மாநிலம் மாறும், ஆய்வாளர் மாறுவார், பெடல் மாறாது. 1948 சட்டத்தின் பிரிவு 26 ஆபத்தான இயந்திரத்தை விற்பவரையும் தண்டித்தது. ஆனால் அது கவலைப்பட்டது சுழலும் தண்டில் துருத்தும் ஸ்க்ரூவையும் மூடாத பல்சக்கரங்களையும் பற்றி. டையின் வாயைப் பற்றி அதில் ஒன்றும் இருக்கவில்லை. 2024 ஆகஸ்டில் மத்திய கனரகத் தொழில் அமைச்சகம் இயந்திரப் பாதுகாப்புக்கென ஓர் ஆணை பிறப்பித்தது, அதன் அமலாக்கத் தேதி பிறகு தள்ளிப்போனது. அதுவும் புதிதாகச் செய்கிற, இறக்குமதி செய்கிற இயந்திரங்களை மனதில் வைத்து எழுதியதே.

ஃபிட்னஸ் தேறாத பழைய வண்டிகளை உடைத்துப்போட 2021இல் ஒன்றிய அரசு கொள்கை கொண்டுவந்தது. பழைய வண்டியை உடைத்த சான்றிதழைக் காட்டினால் புது வண்டிக்குச் சலுகை உண்டு. அந்த வண்டிக்குப் பிராக்கெட் அடித்த பிரஸ்ஸுக்கு அப்படி எதுவும் கிடையாது. சிறு தொழிலுக்கு இயந்திரம் வாங்க மானியம் கொடுக்கும்போது, பழைய கீ கிளட்ச் பிரஸ்ஸை உடைத்த சீட்டைக் கேட்டால் என்ன என்று ஒரு தொழில்முனைவோர் கூட்டத்தில் சொல்லிப் பார்த்தேன். பக்கத்தில் இருந்தவர் சிரித்துக்கொண்டே, "உடைச்சா கிலோ ரேட்டு சார், ஓடறதா வித்தா மூணு வண்டி லோடு ஷீட் வாங்கலாம்" என்றார். அவர் சொன்ன கணக்கும் சரிதான். அந்த வித்தியாசத் தொகையை யார் போடுவது என்று அந்தக் கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை. அதற்குள் காபி வந்துவிட்டது.